லெப்சாக்களுக்காக வேண்டுவோர்

உலகத்து ஜனங்களை இனவாரியாகப் பிரித்து, இன்ன இனத்தில் நூற்றுக்கு இத்தனை பேர் கிறிஸ்துவர், மீதிப் பேரை இனிமேல்தான் அடைய வேண்டும் என்று கணக்கெழுதி, இன்ன நாளில் இவர்களுக்காகப் பிரார்த்திப்பீர் என்று அன்பர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் மிஷன் ஸ்தாபனங்கள் மேல்நாடுகளில் உண்டு. ஹிமாலயத்து லெப்சாக்களும் அந்தக் கணக்கில் ஒரு வரி. பிறருக்காகக் கடவுளை வேண்டுவது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 'இவர்கள் இருளில் கிடக்கிறார்கள்' என்ற எண்ணத்தோடு கைகூப்புகிறவர், அவர்களிடம் கேட்டறிய வேண்டியது எதுவுமில்லை என்று முன்னமே தீர்மானித்துவிட்டார். நம்முடைய ஆட்சேபணை அங்கேதான்.

லெப்சாக்கள் தங்களை 'ரோங்' என்று சொல்லிக்கொள்பவர்கள். சிக்கிம், டார்ஜிலிங், காலிம்பாங் மலைகளிலும், நேபாளத்தின் இலாம் ஜில்லாவிலும், பூட்டானிலும் பரவியிருக்கும் பூர்வகுடிகள். காஞ்சன்ஜங்காவைத் தெய்வமாகத் தொழுபவர்கள். அவர்களுள் ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கென்று ஒரு சிகரமும், ஒரு ஏரியும், உயிர் பிரிந்தபின் ஆவி புகுந்து செல்ல ஒரு மலைவாயிலும் உண்டு. முன்னொரு காலத்தில் நதிகள் பெருகிப் பூமியெல்லாம் மூழ்கியபோது, தங்கள் முன்னோர் தெந்தோங் மலையில் ஏறி நின்று வேண்டினர், வெள்ளம் வடிந்தது என்பது அவர்கள் வழிவழிக் கதை. அந்த வேண்டுதலை நினைந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு 8-ஆம் தேதி விழா எடுக்கிறார்கள். இத்தகைய ஜனங்களுக்குப் பிரார்த்தனை இன்னதென்று கற்பிக்கப் புறப்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

மிஷனரிகள் அந்த மலைக்கு நேற்று வந்தவர்களல்லர். 1835-இல் சிக்கிம் மன்னரிடமிருந்து டார்ஜிலிங்கை ஆங்கிலேயர் பெற்றனர். பத்தே ஆண்டுகளில், 1845-இல், மத்தேயுவின் சுவிசேஷம் லெப்சா பாஷையில் அச்சாகிவிட்டது. 1870-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வில்லியம் மக்ஃபர்லேன் வந்தார். 1889-இல் காலிம்பாங்குக்கு ஜான் ஆண்டர்சன் கிரஹாம் வந்தார். பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலையும் தோன்றின. அந்தத் தொண்டை இல்லையென்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. ஆயினும் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய ஜனங்களால் நேபாளி மலைக்குப் பொதுப் பாஷையாயிற்று. மிஷன் பள்ளிகளும் வசதியை உத்தேசித்து அதையே பெரிதும் கைக்கொண்டன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொந்த லிபி பெற்றுவிட்ட லெப்சா பாஷை திண்ணையில் நிறுத்தப்பட்டது. அதற்கு இலக்கணம் எழுதி 1876-இல் வெளியிட்டவர் பாதிரியார் அல்லர். ஜெனரல் மெயின்வாரிங் என்ற பட்டாளத்து மனிதர். அவர் தொகுத்து வைத்த அகராதி, அவர் காலமான பின்பு, க்ருன்வெடல் என்ற ஜெர்மானியப் பண்டிதரால் முடிக்கப்பெற்று 1898-இல் பெர்லினில் வெளியாயிற்று. உலகத்து மொழிகளில் லெப்சாவே ஆதி மொழியென்று மெயின்வாரிங் நம்பினார். அது மிகையாயிருக்கலாம், ஒரு பாஷைக்கு உழைத்தவனுக்கு அவ்வளவு பித்தை நாம் அனுமதிக்கலாம்.

குறையெல்லாம் பாதிரிமார் தலையில்தான் என்று கொள்ளவேண்டாம். அவர்களுக்கு முன்பே திபெத்திலிருந்து வந்த லாமாக்கள் லெப்சாக்களின் ஏடுகளை அழித்தார்கள் என்று மெயின்வாரிங்கே குற்றஞ்சாட்டியிருக்கிறார். மதமாற்றம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கொதித்தெழும் நம் தேசபக்தர்களையும் ஒன்று கேட்போம்: நீங்கள் அந்த மலையில் லெப்சா பாஷை கற்பிக்கும் பள்ளி எத்தனை திறந்தீர்கள்? 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர் ஏறத்தாழ 47 ஆயிரம் பேர். 2001-இல் இருந்ததைவிடக் குறைவு. மதப் பிரசாரம் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அளிக்கிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தின் வேலை அவ்வளவோடு தீர்ந்தது. தன் மனமொப்பி ஒருவன் மாறினால் அது அவன் காரியம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவராயிருக்கும் காலிம்பாங் லெப்சாக்களை அன்னியரென்று பேசுவோருக்கு நாம் ஒருநாளும் உடன்படோம்.

லெப்சாக்கள் தாமே வாய்விட்டுக் கேட்டது என்ன? வட சிக்கிமில் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஜோங்கு என்னும் நிலத்தில் தீஸ்தா நதியையும் அதன் கிளைகளையும் மறித்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, 2007-இல் லெப்சா இளைஞர்கள் காங்டோக்கில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஆவிகள் செல்லும் பாதையைச் சுரங்கமாகக் குடையாதீர். நதியை ஓட விடுங்கள் என்பதே அவர்கள் வேண்டுகோள். மறு ஆண்டில் சில திட்டங்களைச் சர்க்கார் கைவிட்டது. ஜோங்குக்கு மேலே சுங்தாங்கில் எழுந்த பெரிய அணையோ, 2023 அக்டோபர் 4-ஆம் தேதி மலையேரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. தெந்தோங் கதையை மூடக்கதை என்று ஒதுக்கிய பொறியியலாளர் எவரேனும் இருந்தால் இப்போது என்ன சொல்கிறாரோ, அறியோம்.

லெப்சாக்களுக்காகப் பிரார்த்திக்க விரும்பும் அன்பர்கள் தாராளமாகப் பிரார்த்திக்கட்டும். அறிவிப்பை அச்சிடுமுன் ஜோங்குவுக்கு ஓர் ஆளை அனுப்பி, உங்களுக்கு எதை வேண்டுவது என்று அங்குள்ள முதியோரையும் அந்த இளைஞர்களையும் கேட்கட்டும். அவர்கள் சொன்னதை அவர்கள் லிபியிலேயே அச்சிட்டு, முதற்பிரதியை அவர்களுக்கே அனுப்பட்டும். லெப்சா லிபி 2008-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. எழுத்து கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.