மூடுமுன் பார்க்க வேண்டும்

ஓய்வு பெற்ற பொறியாளனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் அண்ணாந்து கூரையைத்தான் முதலில் பார்ப்பான். சென்ற மழைக்காலத்தில் எங்கள் பகுதி அரசுப் பள்ளி ஒன்றுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கச் சென்றபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். கட்டி இரண்டே ஆண்டுகள் ஆன வகுப்பறை. தளத்தில் நீர்க்கசிவு. ஓரிடத்தில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதன் கீழிருந்த பெஞ்சுகளை நகர்த்திவிட்டுப் பிள்ளைகளை ஒரு பக்கமாக நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள்.

பள்ளிக் குழுவின் தலைவி பூ விற்கும் அம்மையார், நம் தமிழர். "வேலை நடக்கும்போது நீங்கள் பார்க்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன். "கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன் சார். உள்ளே எத்தனை கம்பி போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயம்தான். கான்கிரீட் போட்ட பிறகு எனக்கும் தெரியாதே!

சட்டத்தில் குறைவில்லை. கர்நாடகத்தில் 2001 முதலே பள்ளி மேம்பாட்டு மேற்பார்வைக் குழுக்கள் உள்ளன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இத்தகைய குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் கடமை. ஆனால் நான் பார்த்த பள்ளியில் எஸ்டிமேட்டும் அளவுப் புத்தகமும் அந்த அம்மையார் கண்ணில் படவே இல்லை.

கலிபோர்னியாவில் என் மகள் இருக்கும் ஊரில் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுகிறார்கள். வீட்டு வரி கட்டுபவர்கள்தாம் அதை அடைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு அங்கே வாக்கெடுப்பில் நிறைவேறிய 39-ஆவது முன்மொழிவின்படி, 55 விழுக்காடு வாக்கு இருந்தால் பத்திரம் வெளியிடலாம். ஆனால் குறைந்தது ஏழு குடிமக்கள் கொண்ட மேற்பார்வைக் குழு வேண்டும். அதில் முதியோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவருக்கும் இடம் உண்டு! ஒப்பந்தக்காரருக்கும் பள்ளி நிர்வாக ஊழியருக்கும் இடமில்லை.

பத்திரம் நமக்கும் புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் நகராட்சிப் பத்திரத்தை 1997-இல் 125 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது நம் பெங்களூர் மாநகராட்சிதான். 2002-இல் 'புரூஃப்' இயக்கத்தின் வழியே மாநகராட்சியின் காலாண்டுக் கணக்கைக் குடிமக்கள் கேட்டு வாங்கிப் படித்ததும் இங்கேதான்.

ஆனால் கணக்கைப் படிப்பது பிரேதப் பரிசோதனை போன்றது. சேலத்தில் சிவில் டிப்ளமோ முடித்து 35 ஆண்டுகள் இரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். அங்கே மண்ணிலும் கான்கிரீட்டிலும் மறையும் வேலையை, மூடுமுன் மேலதிகாரி அளந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கும் அதுவே போதும். அஸ்திவாரக் குழி தோண்டியதும் ஒரு நாள், தளத்துக்குக் கம்பி கட்டியதும் ஒரு நாள், கான்கிரீட் கட்டிகளை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும்போது ஒரு நாள். இந்த மூன்று நாளும் குழுவுக்குத் தகவல் தந்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். கூடவே ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் நிற்கட்டும்.

"இவர் யார் கேட்க?" என்பார்கள். பணியில் இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. பலருக்கும் இது தெரியாது.

அந்தப் பள்ளிக்கு இன்னொரு அறை வரப்போகிறது. எஸ்டிமேட் நகல் கேட்டு மனு எழுதினோம். நாற்பது ஆண்டுகள் இங்கிருந்தும் என் கன்னட எழுத்து சபையேறாது. அம்மையாரின் ஒன்பதாம் வகுப்பு மகள்தான் எழுதிக் கொடுத்தாள். நம் சங்கத்தில் சிவில் படித்து ஓய்வில் இருப்பவர்கள் ஒரு காலை நேரம் தர முடியுமானால் என்னிடம் சொல்லுங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.