'ஏதோ பயோமெடிக்கல் கிடைத்திருக்கிறதாம்!'

பல்கலைக்கழக நுழைவு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் வீடுகளில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு. "மருத்துவம் கிடைக்கவில்லையாம், ஏதோ பயோமெடிக்கல் கிடைத்திருக்கிறதாம்." அந்த 'ஏதோ' என்னும் சொல்லைப் பற்றியதே இப்பதிவு. ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகள் உழைத்துப் படிக்கப்போகும் துறையை, அப்பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்கு முன்பே, துக்கம் விசாரிக்கும் குரலில் பேசிவிடுகிறோம். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே விரிவுரைக்குச் செல்லும் பிள்ளைக்குப் படிப்பில் மனம் எப்படி ஒட்டும்?

உயிர்மருத்துவ அறிவியல் என்பது நோயை ஆய்வகத்தில் அறியும் கல்வி. குருதியியல், நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல், மரபியல், திசுவியல், மருத்துவ உயிர்வேதியியல் ஆகியவை அதன் முக்கியப் பாடங்கள். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், கிளந்தான் குபாங் கெரியானில் மருத்துவ வளாகம் கொண்டுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையைக் கற்பிக்கின்றன. பாடங்களை அடுக்குவதால் மட்டும் இத்துறை விளங்கிவிடாது. நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தின் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். மரணங்கள் நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கோ பன்றிகளைக் கையாண்ட வளர்ந்த ஆண்களே வீழ்ந்துகொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரியை இட்டு வளர்த்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய கூட்டணுக்களாக மாறுவதை நுண்ணோக்கியில் கண்டார். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரியின் இயல்பன்று. மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று சோதித்தபோது, உலகம் அதுவரை அறியாத புதிய நச்சுயிரி என்பது உறுதியானது. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரின் உயிரைக் குடித்த அந்நோய், பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னர் அடங்கியது. சுவா மருத்துவப் பட்டம் பெற்றவர்தாம், மறைக்கவில்லை. ஆயினும் பகைவன் யாரென்று தெரிந்த இடம் ஆய்வக மேசை. அது தெரியும்வரை வெளியே நாம் கொசுக்களோடு போரிட்டுக்கொண்டிருந்தோம்.

இது பெரிய நிகழ்வு. அன்றாடப் பணி இத்தனை பரபரப்பானதன்று. நம்மவர் வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையின் பெயர் நம் பாட்டிமார்களுக்கே தெரியும். செவ்வணுக்கள் ஏறக்குறைய 120 நாள்கள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாத நிலையை அறிய முடிகிறது. (சோதனைக்கு முதல்நாள் மட்டும் பத்தியம் இருக்கும் தாத்தாக்களை இது காட்டிக்கொடுத்துவிடும்!) ஆனால், தலசீமியா போன்ற குருதிக் கோளாறு உள்ளவர்களிடம் இந்த எண் பிழைபடக்கூடும். கருவி எண்ணைத் தந்துவிடும்; அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்பதற்குத்தான் பட்டப்படிப்பு தேவைப்படுகிறது. குருதிக் குழாயின் மேல் ஒட்டிய பெயர் மாறினால், தவறான குருதிவகை ஏற்றப்பட்டு ஓர் உயிர் போகலாம். நோயாளியின் முகத்தையே பாராமல் அவர் உயிரைக் கையில் வைத்திருக்கும் பணி இது. பொறுமையும் ஐயுறும் மனமும் உள்ள பிள்ளைக்கு ஏற்றது. மனிதர்களோடு பேசுவதிலேயே மகிழ்ச்சி காணும் பிள்ளையை இங்கே தள்ளுவது கொடுமை.

இனி, கசப்பான பகுதி. இப்படிப்பு முடித்தவர்க்கெல்லாம் மருத்துவமனை ஆய்வகத்தில் இடம் காத்திருக்கவில்லை. அரசாங்கப் பணியிடங்கள் குறைவு. பலர் மருத்துவக் கருவி விற்கும் நிறுவனங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் மருத்துவ ஆய்வுச் சோதனைப் பிரிவுகளிலும் சேர்கிறார்கள்; சிலர் முதுகலை, முனைவர் பட்டம் நோக்கிச் செல்கிறார்கள். தனியார் கல்லூரிகளின் வண்ண அறிக்கைகள் இதைச் சொல்வதில்லை. அதைவிட முக்கியமாக, 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் (சட்டம் 774) 2020 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டது. அச்சட்டம் குறிப்பிடும் தொழில்களைச் செய்ய விரும்புபவர் உரிய மன்றத்தில் பதிவுபெற வேண்டும். எனவே, பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இந்தப் பட்டத்தை அம்மன்றம் பதிவுக்கு ஏற்கிறதா?' என்பதே. கட்டணம், விடுதி, வளாகத்தின் குளிர்சாதன வசதி எல்லாம் அதற்குப் பிறகு. உயிர்மருத்துவப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வக நுட்பவியல் ஆகியவை பெயரால் நெருங்கியிருந்தாலும் வேறு வேறு படிப்புகள் என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. விண்ணப்பப் படிவத்தில் இவற்றைக் கலந்து நிரப்பிவிட்டு முதற்பருவத்தில் விழிப்பவர்கள் உண்டு.

"முதலில் இதைப் படிக்கட்டும், அப்புறம் மருத்துவத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த வழி முற்றாக அடைபட்டதன்று. ஆனால் அது பெரும்பாலும் மீண்டும் ஐந்து ஆண்டுப் படிப்பு. செலவும் புதிதாகத் தொடங்கும். அந்த நம்பிக்கையோடு உள்ளே வரும் மாணவர் நான்கு ஆண்டுகளையும் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவரைப் போலக் கழித்துவிடுகிறார். மருத்துவமும் இன்று முன்பிருந்த நிலையில் இல்லை. 2016இன் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்பட்டதும், 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதும் நாமெல்லாம் அறிந்தவை. இவ்வளவுக்குப் பிறகும் ஊழியர் சேமநிதியை மீட்டு, வீட்டை அடகு வைத்து, விருப்பமில்லாத பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரின் துணிச்சலை என்னவென்பது?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டு அறிவியலில் ரொட்டித் துண்டில் பூஞ்சணம் வளரும் சோதனையைச் செய்கிறோம். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பிள்ளைகள் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் மாதிரிகளைச் சோதிப்பதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியைக் கருவியில் இட்டுப் பார்க்கிறார்கள். எண் சரியாக வராவிட்டால் அச்சோதனையின் முடிவு எதையும் வெளியே விடுவதில்லை. நாம் கற்பிக்கும் 'மாற்றாமல் வைத்திரு, ஒப்பிட்டுப் பார்' என்னும் அதே சிந்தனைதான் அங்கே நடக்கிறது. இதை அந்தப் பாடவேளையிலேயே ஐந்து நிமிடம் சொல்லிவிடலாம். 'மருத்துவராவேன்' என்று மேடையில் முழங்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, மருத்துவமனைக்குள் இருக்கும் வேறு பணிகளின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. அவனிடம் யாரும் சொன்னதில்லை.

தொழில் விழிப்புணர்வு நாளுக்கு இம்முறையும் காவல்துறையையும் தீயணைப்பு வண்டியையும் அழைப்போம். பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறாமல் விடமாட்டார்கள். கூடவே, வட்டார மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து ஒருவரை அழைத்து, ஒரு நுண்ணோக்கியையும் குருதி பூசிய கண்ணாடித் தகடு ஒன்றையும் கொண்டு வரச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் போதும். அன்றைக்குப் பெற்றோர்களும் வந்து அந்த நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்கட்டும்.