மரபணு ஆய்வும் மக்கள் மன்றமும்

ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்தில் வேப்பிலை ஆடை உடுத்திப் பவானியம்மன் கோயிலை வலம் வருவோர், நோய் நீங்க நேர்ந்த கடனை ஊரறியச் செலுத்துகிறார்கள். நோய் தனியொருவருடையதன்று, குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது என்ற புரிதல் அதில் உண்டு. மரபணு மருத்துவத்தின் அடிப்படையும் அதுவே. ஆனால் அம்மருத்துவத்தின் போக்கைத் தீர்மானிக்கும் அவைகளில் இம்மக்களுக்கு இடமில்லை.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் பங்கேற்றன. எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டன. 2025 ஜனவரி 9 அன்று அத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இது அரிய சாதனை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. குருதி கொடுத்தவர்களுக்கு அத்தரவின் மீது என்ன உரிமை என்பதே எங்கள் கேள்வி.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். ஒருவரின் மரபணு அவருடைய உடன்பிறந்தாரைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறது. அகமண வழக்கம் இறுகிய நம் நாட்டில் ஒரு சாதியைப் பற்றியே பேசிவிடுகிறது. ஆரிய வைசியரிடையே ஒரு நொதிக் குறைபாடு மிகுதி. அவர்களுக்குக் குறிப்பிட்ட ஒரு மயக்கத் துணைமருந்தைக் கொடுத்தால் மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலிழக்கும். இதை அச்சமூகம் அறிந்திருந்தால் உயிர் பிழைக்கும். இதே வகைச் செய்தி திருமணச் சந்தையிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ கசிந்தால் அவமானமாகவும் இழப்பாகவும் மாறும். தனியொருவர் கையெழுத்து இத்தனை பேருக்கும் எப்படிப் பொறுப்பேற்கும்?

சட்டம் காக்குமா? 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா மரபணுத் தரவைக் கூருணர்வுத் தரவென்று தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அத்தகைய தனிவகையே இல்லை. ஆராய்ச்சிக்கு விலக்கும் உண்டு.

பாமரருக்கு மரபணு புரியுமா என்று கேட்போருக்கு வரலாறு விடை சொல்லும். அரிவாள் செல் மரபுக்கூறு இந்தியாவில் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளின் குருதியில். அந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023இல். இடையில் ஓடிய 71 ஆண்டுகளுக்கு மக்களின் அறியாமையா காரணம்? பிரிட்டனில் பச்சிளங்குழந்தைகளின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் ஆய்வைத் தொடங்குமுன் 2021இல் பொதுமக்களோடு உரையாடினார்கள். அங்குள்ள பொதுமக்கள் எல்லாரும் உயிரியல் கற்றவர்களா?

நாங்கள் கேட்பது எளியது. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடியிருப்பில் குருதி எடுக்குமுன் அதன் நோக்கத்தை அந்தச் சபையில் தமிழில் சொல்லுங்கள். கண்டறிந்ததை மீண்டும் அங்கே வந்து சொல்லுங்கள். தரவை யாருக்குத் தருவதென முடிவெடுக்கும் குழுவில் கொடுத்தவர்களின் பிரதிநிதிக்கு வாக்குரிமை கொடுங்கள். அதிலிருந்து பிறக்கும் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க இப்போதே நிபந்தனை விதியுங்கள்.

குருதியைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கருத்தையும் கேட்கத் தெரியவேண்டும்.