பணிந்தால் அடிமைப்புத்தி, கேட்டால் திமிர்

"தோட்டக்காட்டான்" என்ற சொல்லை இப்போது எவரும் மேடையில் உச்சரிப்பதில்லை. படித்தவர்கள் அதற்குப் பதிலாக வேறு வார்த்தைகளைக் கண்டுபிடித்துள்ளனர். "அப்பாவிச் சனங்கள்", "சூதுவாது தெரியாதவர்கள்", "சொன்னதைக் கேட்பார்கள்". இந்த இரண்டாவது வகையையே நான் அதிகம் வெறுக்கிறேன். வசையை வசையென்று இனங்கண்டு ஆசிரியபீடத்தில் வெட்டிவிடலாம். பாராட்டுப்போல் எழுதப்படுவதை வெட்டினால் எழுதியவர் கோபித்துக்கொள்கிறார்.

மலையக இளைஞன் ஒருவன் எழுந்து நின்று "ஐயா" என்று பேசினால் அது அடிமைப்புத்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவ்வாறு செய்தால் நல்ல வளர்ப்பு. புறக்கோட்டைக் கடையில் நிலுவைச் சம்பளத்தை அவன் கேட்டால் திமிர். முதலாளியின் ஊரான் கேட்டால் கெட்டித்தனம். ஊர்ப்பெயரைக் கேட்டவுடனேயே குணத்தை முடிவுசெய்துவிடுகிறோம். பிறகு அவன் எதைச் செய்தாலும் அது அம்முடிவுக்குச் சாட்சியமாகிவிடுகின்றது.

வாயில்லாப் பூச்சிகள் என வர்ணிக்கப்படும் இம்மக்கள்தாம் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராடினார்கள். பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. வாக்குமில்லை, காணியுமில்லை, குடியிருக்கும் லயத்து அறையும் தோட்டத்துரைக்குச் சொந்தம் என்ற நிலையில் ஒருவர் கைகட்டி நின்றால், அதனைச் சுபாவம் என்று எவ்வாறு எழுதுவது?

யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையிலிருந்த பிறந்த இடத்தைப் பார்த்தே எம்மைச் சந்தேகித்தார்கள். அது அநீதி என்று பத்தி பத்தியாக எழுதினோம், சரியாகவே எழுதினோம். அவ்வாறு எழுதியவர்களின் வீடுகளிலும் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமிகளின் பைகள், ஊருக்குப் புறப்படும்போது சோதிக்கப்பட்டன.

2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, "கூட்டிக் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்" என்றார் எனக்குத் தெரிந்த கனவான் ஒருவர். வங்கி முகாமையாளருக்குச் சம்பளம் உயர்ந்தபோது, அவர் மாலையில் என்ன அருந்துகிறார் என்று இவர் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.