பொருளாதாரப் பட்டம் கற்றுத்தர வேண்டியது எதை? பெங்களூருவின் இலவசப் பேருந்து சொல்லும் பாடம்

பெங்களூரு: கர்நாடக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையின் மொத்த மதிப்பு 4.09 லட்சம் கோடி ரூபாய். இதில் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு மட்டும் 51,034 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதாவது, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இந்தச் செலவு சரியா, தவறா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால், அந்த வாதத்தை ஆதாரத்துடன் நடத்தக்கூடியவர்களைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் படிப்பு உருவாக்குகிறதா என்பது அதிகம் பேசப்படாத கேள்வி.

மீண்டும் மூன்றாண்டு படிப்பு

தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2021-ல் கர்நாடகாவில் நான்காண்டு இளநிலைப் படிப்பு அறிமுகமானது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024 மே மாதம் மாநில அரசு மூன்றாண்டு படிப்புக்குத் திரும்பியது.

இந்த முடிவையே ஒரு பொருளாதாரக் கணக்காகப் பார்க்கலாம். ஏழைக் குடும்பத்து மாணவருக்குக் கூடுதல் ஓராண்டு என்பது கட்டணம் மட்டுமல்ல. அந்த ஆண்டில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியத்தின் இழப்பும் ஆகும். பாடநூல்கள் இதை 'வாய்ப்புச் செலவு' என்கின்றன. மறுபுறம், நான்காம் ஆண்டில் கிடைக்கக்கூடிய ஆய்வுப் பயிற்சி இல்லாமல் போகிறது. எனவே, எஞ்சிய மூன்று ஆண்டுகளில் எதற்கு முதலிடம் என்பது முக்கியமாகிறது.

எண்ணிக்கை வேறு, விளைவு வேறு

2023 ஜூன் 11-ல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் கீழ், கர்நாடகப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். பயணிகள் எண்ணிக்கை உயர்ந்ததை அரசு வெற்றியாகக் காட்டுகிறது. விமர்சகர்கள் செலவுத் தொகையைக் காட்டுகின்றனர். பொருளாதாரம் பயின்றவர் இரண்டையும் உடனே ஏற்பதில்லை.

திட்டத்துக்கு முன்பு பெண் பயணிகள் தனியாக எண்ணப்பட்டனரா? புதிய பயணங்கள் எத்தனை, ஆட்டோவிலிருந்தும் நடையிலிருந்தும் பேருந்துக்கு மாறியவை எத்தனை? 2025 ஜனவரியில் பேருந்துக் கட்டணமும் பிப்ரவரியில் மெட்ரோ கட்டணமும் உயர்ந்ததை எவ்வாறு கணக்கில் கொள்வது? வேலைக்குச் செல்லும் பெண்கள் அதிகரித்திருந்தால், அதற்குப் பேருந்துதான் காரணமா? அதே பணத்தில் பேருந்துகளைக் கூட்டியிருந்தால் பலன் என்னவாக இருந்திருக்கும்?

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தால், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. அந்தப் பணம் வீட்டில் யார் கையில், எதற்காகச் செலவாகிறது என்பது அடுத்த கேள்வி. ஒன்றுக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்ததாலேயே முன்னது காரணமாகிவிடாது என்று நிதானிப்பதும், 'எதனுடன் ஒப்பிடும்போது' என்று கேட்பதும்தான் இப்படிப்பின் மையத் திறன்கள். புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் அதற்கான கருவிகள்.

கிராமத்துக்குச் சென்ற மாணவர்கள்

இத்தகைய பயிற்சி தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் உள்ளிட்ட ஊர்கள் பற்றிய அந்த ஆய்வுகள் 1918-ல் நூலாயின. பிற்காலத்தில் அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டபோது, மாற்றத்தை அளக்க மாணவர்களின் குறிப்புகளே அடிப்படையாயின.

காஞ்சிபுரத்தில் 1908-ல் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ், இந்தியாவின் தேசிய வருமானத்தை மதிப்பிட்ட முன்னோடிகளில் ஒருவர். 1949-ல் டெல்லி பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கிய அவர், 1972-ல் பெங்களூருவில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். இதே நகரில் 2017-ல் அம்பேத்கர் பெயரில் பொருளாதாரப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் புதிய வளாகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 ஜூன் 20-ல் திறந்து வைத்தார். லண்டனில் பொருளாதாரம் பயின்ற அம்பேத்கர், ரூபாயின் பிரச்சினை குறித்த தனது ஆய்வை 1923-ல் நூலாக வெளியிட்டார். நாணயக் கொள்கையால் விலைவாசி மாறும்போது பாதிக்கப்படுவது யார் என்ற அக்கறை அதில் உண்டு.

வேலையும் கணிதத் தடையும்

வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்கள் எனப் பொருளாதாரப் பட்டதாரிகளுக்குப் பல வாய்ப்புகள் உள்ளன. முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். பெங்களூரு போன்ற தொழில்நுட்ப நகரில், இப்படிப்பை மென்பொருள் பயிற்சியாகச் சுருக்கிவிடும் ஆபத்தும் உண்டு. மென்பொருளைச் சில மாதங்களில் கற்கலாம். தரவிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதற்கே ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

மற்றொரு தடை கணிதம். டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்குக் கணிதம் கட்டாயம். தமிழ்நாட்டிலோ மேல்நிலை வகுப்பில் பொருளாதாரம் படிப்பவர்களில் பெரும்பாலோர் கணிதம் இல்லாத பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். பாடத்தின் மீது ஆர்வம் இருந்தும், வாசலிலேயே அவர்கள் நிறுத்தப்படுகின்றனர். கணித அறிவு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அதைப் பதினாறு வயதில் எடுத்த பிரிவோடு முடித்துவிடாமல், முதலாண்டிலேயே இணைப்புப் பாடமாகக் கற்பிக்க முடியும்.

இலவசப் பேருந்து, ரேஷன் அரிசி, மாத உதவித்தொகை ஆகியவற்றைப் பயன்படுத்தும் குடும்பங்களின் பிள்ளைகளே இவ்வாறு வெளியே நின்றுவிட்டால், அத்திட்டங்களை மதிப்பிடுபவர்கள் அவற்றைப் பயன்படுத்தாதவர்களாக மட்டுமே இருப்பார்கள். எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதையே அது மாற்றிவிடும். 2025-26-ல் 51,034 கோடி ரூபாய் ஒதுக்கிய மாநிலம், அச்செலவின் பலனை அளக்கத் தெரிந்த இளைஞர்களை எல்லாத் தரப்பிலிருந்தும் உருவாக்குவதற்கு ஆகும் தொகை அதில் மிகச் சிறிய பகுதியே.