ஒன்றரை மணிக்குப் பிறகு



பாடசாலை நாளொன்றில் பகல் இரண்டு மணிக்குப் புறக்கோட்டைக்கு வந்து பாருங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்புப் பள்ளி என்று நாம் சொல்லும் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசலைத் தாண்டி நாட்டாமிமார் வண்டி தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நெரிசலுக்குள் வெள்ளைச் சட்டையோடு நம் ஆண்பிள்ளைகளும் தெரிவார்கள். சிலர் வாப்பாவின் கடைக்குப் போகிறவர்கள். சிலர் சும்மா நிற்பவர்கள். எனக்குப் பயம் இந்தச் சும்மா நிற்பவர்களைப் பற்றித்தான். பீடி, 'ஐஸ்', சின்னச் சின்னக் களவு எல்லாம் சும்மா நிற்கும் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுகின்றன.

நம் அரசாங்கப் பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விட்டுவிடுகின்றன. மஃரிபுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. வாப்பா கடை பூட்டி வர எட்டு மணியாகும். உம்மா தையல் வேலைக்குப் போயிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். வீடோ ஒரே அறை. அந்த ஐந்து மணி நேரத்துக்குப் பிள்ளை யாருடைய பொறுப்பு?

குர்ஆன் மத்ரஸா இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், நம் மஹல்லாக்களின் பெரிய நிஃமத் அது. ஆனால் அது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அதோடு பல பிள்ளைகள் ஓதி முடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நின்றுவிடுகிறார்கள். பயப்பட வேண்டிய வயது அப்போதுதான் தொடங்குகிறது.

சட்டம் பிள்ளைகள் மேல் இரக்கம் காட்டத்தான் செய்கிறது. குற்றப் பொறுப்பு சுமத்தக்கூடிய ஆகக்குறைந்த வயது முன்பு எட்டு. 2018இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். வேலைக்கு அமர்த்தும் வயதை 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தினார்கள். இரண்டும் நல்லவை. பதினான்கு வயதுப் பிள்ளை கடையில் வேலை செய்யக் கூடாது, சரி. பின்னேரத்தில் அவன் எங்கே இருக்க வேண்டும்? அதற்குத்தான் எவரும் காசு ஒதுக்கவில்லை. பிள்ளை பிடிபட்ட பிறகு பொலிஸ், நீதிமன்றம், நன்னடத்தை அதிகாரி, சான்று பெற்ற பாடசாலை என்று அரசாங்கம் எப்படியும் செலவழிக்கத்தான் போகிறது.

அமெரிக்காவில் பாடசாலை விட்ட பின் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையங்களுக்கு 1998இல் நான்கு கோடி டொலர் கொடுத்தார்கள். 2002இல் அது நூறு கோடியானது. பாடசாலை நாட்களில் சிறுவர் செய்யும் வன்குற்றங்கள் மணி அடித்த உடனேயே உச்சத்துக்குப் போவதை அங்கே கணக்கெடுத்திருந்தார்கள். ஆனால் 2015இல் இப்படியான நிலையங்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த இருவர், குற்றம் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். எனக்கு இது ஆச்சரியமில்லை. துடிப்பான பையன்கள் இருபது பேரை ஒரு மண்டபத்தில் விட்டுவிட்டு ஒருவர் மூலையில் பத்திரிகை வாசித்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எதைக் கற்பார்கள்?

ஐஸ்லாந்தின் கதை வேறு. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5. விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் கொடுத்தார்கள். தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வருடாவருடம் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. கூடவே பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஒன்றுகூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பணமும் பெற்றோரும் சேர்ந்தே வந்தார்கள்.

நாம் கோடிகள் கேட்கவில்லை. பாடசாலைக் கட்டடம் பின்னேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. மாநகர சபைக்கு நூலகங்களும் மைதானங்களும் இருக்கின்றன. ஓர் ஆசிரியருக்குக் கொடுப்பனவு, ஒரு பயிற்றுநர், பசிக்கு ஒரு பணிஸும் பிளேன்ரீயும். காலையில் வான் ஆறரைக்கே இறக்கிவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கும் திறந்த ஒரு வகுப்பறை. டியூஷன் இதற்குப் பதிலாகாது, அது காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு. பெண்பிள்ளைக்கு வீடே போதும் என்றும் சொல்லிவிடாதீர்கள். தம்பி தங்கையைப் பார்த்து, சோறாக்கி, அவள் புத்தகத்தைத் திறக்க இரவு ஒன்பதாகிறது.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாப்பாவை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். இரண்டு மணிக்குப் பிறகு மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.