‘இனி அவன்’: அவள் எங்கே?

அசோக ஹந்தகம நெறிப்படுத்தி 2012இல் வெளிவந்த ‘இனி அவன்’, புனர்வாழ்வு பெற்று யாழ்ப்பாணத்து ஊருக்கு மீளும் முன்னாள் போராளி ஒருவனின் கதை. சிங்கள நெறியாளர் இக்கதையைத் தொடலாமா என்று கேட்போர் உளர். பயனற்ற வினா அது. மீண்டவனை ஊரே ஐயுற்று நோக்குவதைத் தயங்காது காட்டியவர் அவர். நாயகனாக நடித்த தர்ஷன் தர்மராஜ் குடாநாட்டவரல்லர் என்பதும் குற்றமன்று. பிறர் பேச்சைத் தன் பேச்சாக்குவதுதானே நடிப்பு!

கேட்கவேண்டியது வேறு. 2009இன் பின் புனர்வாழ்வு பெற்று மீண்டோர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் 2,000இற்கு மேற்பட்டோர் பெண்கள். படத்திலோ மீள்பவன் ஆண். அவன் முன்னர் விரும்பியவள் முதலாகப் பெண்கள் அவன் கதையைச் சுற்றியே நிற்கின்றனர். துப்பாக்கி ஏந்தியவள் திரும்பினால் அவளுக்கு மணம் பேசுபவர் யார்? கோயில் வீதியில் அவளருகே நிற்பவர் யார்? ஆணுக்கு நேரும் ஐயம் தொழிலோடும் பகையோடும் நின்றுவிடலாம். பெண்ணுக்கு அது ஒழுக்கத்தையும் தொடும். இவ்வேறுபாட்டைக் காணாத கதை, வீடு திரும்புதலின் பாதியையே கண்டதாகும்.

உடுவிலுக்கு இது புதிதன்று. 1824இல் அங்கு பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய மிசனரிமார், பயின்ற பெண்களுக்குச் சீதனமும் கொடுக்கவேண்டியிருந்தது. வழக்கத்தை மீறியவளை ஊர் ஏற்கக் கொடுத்த விலை அது.

அடுத்து எழுதப்படும் நாடகத்தில், கையில் ஒரு பையுடன் அவள் படலையைத் திறக்கட்டும். தாய் சொல்லும் முதல் வார்த்தையை நாடகாசிரியர் எழுதிக் காட்டட்டும்.